பட்டை பொய் சொல்லாது

"ஜிஎஸ்டி வந்த அன்னைக்கே செக்போஸ்ட் போயிடுச்சே மாமா, இன்னும் எதுக்கு அது?" என்று தங்கை மகன் கேட்டான். கலால் சாவடியிலேயே தலை நரைத்தவனிடம் கேட்கிற கேள்வியா இது? 2017 ஜூலை 1-க்குப் பிறகு வேலையற்றுப் போனது வணிகவரிச் சாவடி. மது ஜிஎஸ்டிக்குள் வரவே இல்லை. பாட்டில் விலை இங்கே ஒன்று, பெண்ணையாற்றுக்கு அந்தப் பக்கம் ஒன்று. அது உள்ளவரை எல்லையும் உண்டு.

அந்த எல்லைதான் நேராகவா போகிறது? பாகூர், வில்லியனூர் பக்கம் தமிழ்நாட்டு நிலமும் புதுச்சேரி நிலமும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்கும். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன வரைபடம். 1949-இல் சுங்க உடன்பாடு முறிந்து இந்திய அரசு சுற்றிலும் சாவடி போட்டது. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்த பிறகு அவை போயின. வரப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர் ஒரு மூத்த காவலர். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பில்லை வாங்கும்முன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றச் சொல்வார். முதல் மாதம் முழுக்க எனக்குக் காகிதமே தரவில்லை. ஒரு விடியற்காலை வைக்கோல் லாரி வந்தது. பர்மிட் கேட்க ஒன்றுமில்லை, போகச் சொல்லிக் கையை உயர்த்தினேன். அண்ணன் என் தோளைப் பிடித்துக் குனிய வைத்தார். பின்பக்க ஸ்பிரிங் பட்டை வளைவே இல்லாமல் படிந்து கிடந்தது. "வைக்கோலு இவ்ளோ கனக்குமா தம்பி?" கயிற்றை அவிழ்த்தோம். நான்கு அடுக்குக் கட்டுக்குக் கீழே அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் குவாட்டர்.

இன்று சாவடியில் நிற்கும் பிள்ளைகள் குனிவதில்லை. நம்பர் பிளேட்டைப் போனில் படம் எடுக்கிறார்கள், முடிந்தது. கூலி வேலை முடிந்து சைக்கிளில் போகிறவரின் மடியைத் தடவிப் பார்ப்பார்கள். கண்ணாடி ஏற்றிய காருக்கு வழி விடுவார்கள். இதற்குப் பெயர் சோதனையா?

போன வாரம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வைக்கோல் லாரி ஒன்று போனது. பின்பட்டை படிந்திருந்தது. என்னையறியாமல் எழுந்து கையை நீட்டிவிட்டேன். டிரைவர் ஹாரன் அடித்துவிட்டுக் கடலூர் ரோட்டில் ஏறிப் போய்விட்டான்.