முசல்மான் கறியும் எங்கள் வீட்டுச் சம்பலும்



டிசம்பர் லீவில் நாங்கள் இருவரும் பேங்கொக் போய் வந்ததைப் பற்றிப் பலர் கேட்டீர்கள். படங்கள் போட்டாயிற்று. படத்தில் வராத ஒன்றை இப்போது எழுதுகிறோம்.

கல்யாணமாகிப் பத்து வருசம். சீட்டுக்காசு கையில் இருந்தது. மற்ற நாட்களில் ஹாரூன் பள்ளிவாசல் பக்கத்து ஹலால் கடைகளில்தான் சாப்பிட்டோம். ஒரு நாளாவது பெரிய ஹோட்டலில் சாப்பிடுவோமே என்று ஆற்றங்கரை ஹோட்டல் ஒன்றுக்குப் போனோம். அங்கே ஹலால் சான்றிதழ் இல்லை. ஆனால் மெனுவில் வீகன் பக்கம் இருந்தது. இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவுமே இல்லாத சாப்பாடு, பிறகென்ன பயம் என்று நினைத்தோம்.

மெனுவின் இன்னொரு பக்கத்தில் ‘மஸ்ஸமன்’ கறி. கறுவா, ஏலம், கச்சான், தேங்காய்ப்பால், உருளைக்கிழங்கு. வாசித்தாலே எங்கள் வீட்டுக் கறி மாதிரி இருந்தது. ‘முசல்மான்’ என்ற சொல்லிலிருந்துதான் அந்தப் பெயர் வந்தது என்று சொல்வார்கள். எங்கள் பெயரில் உள்ள கறியாச்சே! வீகனாகச் செய்து தர முடியுமா என்று கேட்டோம்.

பரிமாறிய பிள்ளை உள்ளே போய்ச் சமையல்கார அம்மாவையே கூட்டிக்கொண்டு வந்தாள். எங்கள் உம்மாவின் வயதிருக்கும். "கறி விழுதிலேயே கூனி இறால் அரைத்துச் சேர்த்திருக்கிறோம். மீன் சோஸும் போடுவோம். வீகன் என்று தர முடியாது" என்றார்.

நாங்கள் சிரித்துவிட்டோம். "இறாலும் மீனும் எங்களுக்குப் பரவாயில்லை. நாங்கள் முஸ்லிம்கள். இறைச்சியும் வைனும்தான் கூடாது."

அவர் சிரிக்கவில்லை. வீகன் பக்கத்தில் விரலை வைத்து இரண்டு சாப்பாட்டைக் காட்டினார். இரண்டிலும் சமையல் வைன் சேருமாம். எங்களுக்குத் திக்கென்றது. வீகன் என்றால் மிருகத்திலிருந்து வந்தது எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம். மதுவைப் பற்றி அந்தச் சொல் எதுவும் சொல்லாது.

பிறகு சொன்னார்: "டோஃபு போட்டு, புதுச் சட்டியில் மஸ்ஸமன் செய்து தருகிறேன். கோழி ஸ்டொக் ஊற்ற மாட்டேன். ஆனால் இந்தக் குசினியில் பன்றியும் சமைக்கிறோம். ஹலால் என்று என்னால் சொல்ல முடியாது. முடிவு உங்களுடையது."

கறியை விட்டுவிட்டோம். தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறும் மாம்பழமும் போதும் என்றோம். ஒரு பொய் சொல்லியிருந்தால் ஹோட்டலுக்கு நல்ல வியாபாரம். எங்களுக்கும் தெரியவே வந்திருக்காது.

அன்றிரவு எங்கள் இருவருக்கும் ஒரே ஞாபகம்.

கல்வியியற் கல்லூரியில் எங்களோடு படித்த டீச்சர் ஒருவர். பிறந்ததிலிருந்து மரக்கறிதான். போன பெருநாளுக்கு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தார். அவருக்கென்று தனியாகச் சோறு, பருப்பு, கத்தரிக்காய், சீனிச்சம்பல் எல்லாம் வைத்தோம். கையைக் கழுவிவிட்டு வந்து, "டீச்சர், சம்பல்ல மாசி இல்லத்தானே?" என்று கேட்டார்.

மாசி இருந்தது. கொஞ்சம்தான். "இல்ல இல்ல, சாப்பிடுங்க" என்றோம். மேசையில் வைத்த பிறகு எடுப்பதற்கு வெட்கம். அவர் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

2018இல் அம்பாறையில் எங்கள் ஆட்களின் கடைச் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை இருக்கிறது என்று பொய்யைப் பரப்பிக் கடையையும் பள்ளிவாசலையும் அடித்தார்கள். கடைசியில் அது மாவுக்கட்டி என்று அரச பரிசோதனை சொன்னது. சாப்பாட்டில் ஒரு பொய் கலந்தால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியாதா? ஹலாலா என்று போகும் இடமெல்லாம் கேட்கும் எங்களிடம், எங்கள் வீட்டில் வைத்து ஒரு ஆள் கேட்டபோது உண்மை வரவில்லையே.

ஸ்கூல் தொடங்கிய முதல் நாளே டீச்சரிடம் சொன்னோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அண்டைக்கே சொல்லியிருந்தா சம்பல மட்டும் விட்டிருப்பேனே. மத்ததெல்லாம் சந்தோசமாச் சாப்பிட்டிருப்பேன்" என்றார். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை.

வருகிற பெருநாளுக்கும் அழைத்திருக்கிறோம். வருவதாக இன்னும் சொல்லவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்குச் சம்பலில் மாசி இல்லை, இன்ஷா அல்லாஹ்.

உங்கள் வீட்டு மேசைக்கு வரும் பிற மத நண்பர்கள் "இதில் என்ன இருக்கு?" என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். அதுவும் அமானிதம்தான்.

எங்களுக்காக துஆச் செய்யுங்கள்.