அப்பா பெயர் இல்லாத சூரா

ஈப்போ



மணப்பாறைப் பக்கத்திலிருந்து மலேசியாவின் பேராக் மாநிலத்து ஈப்போவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் என்பதால், பூர்வீக ஊர் தேடுகிறவர்கள் என்னிடம் வருவது வழக்கமாகிவிட்டது. வருகிறவர்கள் கையில் தாத்தாவுடையதோ பாட்டியுடையதோ ஒரு பழைய பிறப்புச் சூரா இருக்கும். பிறப்புப் பத்திரத்துக்கு இங்கே அதுதான் பெயர். சிலவற்றில் தகப்பன் பெயருக்கான இடம் காலியாக இருக்கும். அதைக் காட்டும்போது குரல் தானாக இறங்கிவிடும். பாட்டி தாலி கட்டாமல் பெற்றவளோ என்ற சந்தேகத்தை வாய்விட்டுக் கேட்கக் கூச்சப்படுவார்கள்.

கூச்சப்பட ஒன்றும் இல்லை. நான் பார்த்த குடும்பங்களில் அந்த அப்பா அதே லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில், குடியிருந்தவர், அதே பிள்ளையைத் தோளில் தூக்கி வளர்த்தவர். கல்யாணத்துக்குத்தான் காகிதம் இல்லை.

சுங்கை சிப்புட், செம்மோர், பத்து காஜா பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் கல்யாணம் என்றால் மாரியம்மன் சந்நிதியில் தாலி, லயத்து வாசலில் பந்தல், சாப்பாடு. கங்காணி அறிந்தால் ஊர் அறிந்த மாதிரி. முஸ்லிம் அல்லாதவர்கள் திருமணத்தைப் பதிந்தாக வேண்டும் என்ற 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1ஆம் தேதிதான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பு வழக்கப்படி நடந்த கல்யாணங்களைப் பதிவானவையாகவே அது ஏற்றுக்கொள்கிறது. ஏட்டில் அப்படி, பதிவு அலுவலகக் கவுண்டரில் 'அத்தாட்சி எங்கே?' என்றுதான் கேட்பார்கள்.

அத்தாட்சி இல்லையென்றால் பிள்ளை மணமாகாத பெற்றோருக்குப் பிறந்ததாகிவிடும். 1957ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 13ஆம் பிரிவு சொல்வது இது: தாயும், நானே தகப்பன் என்று ஒப்புக்கொள்பவரும் சேர்ந்து கேட்டால் மட்டுமே அவர் பெயரை எழுதலாம். விடியுமுன் பால் வெட்டப் போகும் மனிதர்களில், ஒரு நாள் கூலியை விட்டு, பட்டணம் போய்க் கையெழுத்துப் போட எத்தனை பேருக்கு வாய்த்திருக்கும்?

அந்தக் காலி இடம் மானப் பிரச்சினையோடு நிற்பதில்லை. மலேசிய அரசியலமைப்பின்படி, மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையின் குடியுரிமைக்குத் தாயின் நிலைதான் கணக்கு. 1957 ஆகஸ்ட் 31 முதல் 1962 செப்டம்பர் முடிய இந்த மண்ணில் பிறந்தவர்களுக்குப் பிறப்பே போதும். அதற்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும்.

இது ஒரே வீட்டை எப்படிப் பிளக்கும் என்பதை என் மாமியார் வீட்டிலேயே பார்த்தேன். அவருடைய தம்பி 1961இல் பிறந்தவர், தங்கை 1964இல். ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒரே லயம். அப்பாவிடம் குடிமகனுக்கான நீல ஐசி, அதாவது அடையாள அட்டை. அம்மா எந்த ஐசியும் எடுக்காதவர். தம்பி குடிமகன். தங்கைக்கு, அப்பா பெயர் சூராவில் ஏறாததால், ஐம்பது வயதைத் தாண்டும் வரை நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி.

அவருக்கு வழி பிறந்தது தமிழ்நாட்டிலிருந்து. 1968இல் குடிமக்கள் அல்லாதாருக்கு வேலை பெர்மிட்டைக் கட்டாயமாக்கினார்கள். அடுத்த ஆண்டு மே மாதம் இனக் கலவரமும் நடந்தது. அந்தச் சமயத்தில் ஏறத்தாழ 60,000 இந்தியத் தொழிலாளர்கள் கப்பலேறி ஊர் திரும்பினார்கள். அப்படித் திரும்பிய ஒரு சித்தப்பாவின் டிரங்குப் பெட்டியில் அவருடைய பெற்றோர் ஈப்போ ஸ்டூடியோவில் எடுத்த கல்யாணப் படம் கிடைத்தது. பின்பக்கம் தேதி முத்திரை. அந்தப் படமும் இரண்டு முதியவர்களின் சத்தியப் பிரமாணமும்தான் குடியுரிமை மனுவுக்கு வலு சேர்த்தன.

பிள்ளை பிறந்த பிறகு பெற்றோர் பதிவுத் திருமணம் செய்துகொண்டால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். இங்கிலாந்தில் 1926ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு வழி திறந்தது: பெற்றோர் பின்னால் மணந்தால் பிள்ளையின் பிறப்பை மறுபடி பதியலாம். அந்த வழியில் வந்ததுதான் மலேசியாவின் 1961ஆம் ஆண்டுச் சட்டம். பிள்ளைக்குச் சட்டப்பூர்வ வாரிசு என்ற தகுதியை அது தரும். குடியுரிமையைத் தருமா என்ற கேள்வி 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றத்தில் தீர்ந்தது. வழக்கு, மலேசியத் தகப்பனுக்கும் பிலிப்பீன்ஸ் தாய்க்கும் பிலிப்பீன்ஸிலேயே பிறந்த பையனுடையது. பெற்றோர் மணம் முடித்தது அவன் பிறந்த பிறகு. பிறந்த நேரத்தில் இருந்த நிலையே கணக்கு என்று ஏழு நீதிபதிகளில் நால்வர் சொல்லிவிட்டார்கள். மூவர் உடன்படவில்லை. ஆனாலும் தீர்ப்பு தீர்ப்புதான்.

நம் தமிழ்நாடு இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்திருக்கிறது. சுயமரியாதைத் திருமணம் செல்லாது என்று 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னதும், அந்தத் தம்பதிகளின் பிள்ளைகள் சட்டத்தின் கண்ணில் முறை தவறிப் பிறந்தவர்கள் ஆனார்கள். அண்ணா ஆட்சி 1967இல் கொண்டுவந்த சட்டம் இனி நடக்கும் திருமணங்களோடு நிற்காமல், முன்பு நடந்தவற்றுக்கும் செல்லும் என்றது. அத்தனை பிள்ளைகளின் பிறப்பும் ஒரே நாளில் நேராயிற்று. யாரும் சாட்சி தேடி அலையவில்லை.

மலேசியச் சட்டமும் 1982க்கு முந்திய கல்யாணங்களை ஏற்கிறது. ஆனால் நிரூபிக்கும் பாரத்தை லயத்து மனிதர் தலையில் வைத்துவிட்டது. லயங்களை இடித்துச் செம்பனை நட்டாயிற்று. சாட்சிகள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஆவணமில்லாத இந்தியர்களைத் தேடிப் பதிய 2011இல் 'மைடஃப்தார்' என்ற இயக்கத்தை அரசே நடத்தியது. அப்படி ஒன்று தேவைப்பட்டதே நிலைமையைச் சொல்லும்.

இங்கே இருக்கும் இளையவர்களுக்கு நான் சொல்வது: கோயிலில் தாலி கட்டுங்கள், கூடவே ரெஜிஸ்டரும் செய்யுங்கள், பிள்ளை பிறக்கும் முன்பே செய்யுங்கள். தமிழ்நாட்டில் இருக்கும் உங்களிடம் கேட்பது: உங்கள் வீட்டுப் பரணில் மலாயாப் பெட்டி ஏதாவது கிடக்கிறதா? தோட்டத்துப் பெயர் போட்ட கடிதம், பழைய பாஸ்போர்ட், கல்யாணப் படம் எதுவானாலும் கரையானுக்கு விட்டுவிடாதீர்கள். பழைய பேப்பர்காரரிடமும் போட்டுவிடாதீர்கள். அதிலுள்ள பெயர்களைப் படித்து, இங்கே உள்ள உறவுக்காரர்களுக்கு எழுதிப் போடுங்கள். பேராக்கில் யாரோ ஒருவரின் சூராவில் காலியாக இருக்கும் பெயர் அதில் இருக்கலாம்.