மூன்று முட்கள், ஒரு பொய்

நியூ ஜெர்சியில் வளர்ந்தவர்களுக்கு எடிசனின் ரூட் 1 தெரியாமல் இருக்காது. இன்று கடைகள் வரிசையாக நிற்கும் அந்தச் சாலையோரத்தில் 1948 முதல் 2004 வரை ஃபோர்டின் தொழிற்சாலை ஒன்று ஓடியது. பக்கத்து ஊரின் பெயரால் அதை மெட்டச்சன் ஆலை என்பார்கள். அறுபதுகளில் அங்கே மஸ்டாங் கார்கள் தயாராயின. அந்தக் காலத்து மஸ்டாங்கின் அடையாள எண்ணில் இரண்டாவதாக 'டி' என்ற எழுத்து இருந்தால் அது எடிசனில் பிறந்த வண்டி. 'ஆர்' இருந்தால் கலிபோர்னியாவின் மில்பிடாஸில் பிறந்தது. மில்பிடாஸ் ஆலை இப்போது கிரேட் மால். பே ஏரியாவில் இருப்பவர்கள் அங்கே ஷூ வாங்கியிருப்பீர்கள்.

அப்பா ஓய்வுபெற்றதும் வாங்கிய 1966 மஸ்டாங் ஒரு 'டி' வண்டி. "நம்ம ஊர்லயே பொறந்ததுடா" என்று வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் சொல்வார்.

போன இலையுதிர் காலத்தில் அம்மாவும் அவரும் பிரிட்ஜ்வாட்டர் கோயிலுக்குக் கிளம்பினார்கள். 287 நெடுஞ்சாலையில் வண்டி இருமி, இழுத்து, ஓரத்தில் நின்றுவிட்டது. பெட்ரோல் தீர்ந்துவிட்டது. பக்கத்தில் லாரிகள் பறக்க, அம்மா அரை மணி நேரம் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார். முள் 'ஈ'யைத் தொடவே இல்லை என்று அப்பா சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. எல்லோர் கண்ணிலும் பட்டது அவருடைய 71 வயதுதான். "அத்தானுக்கு மறதி வந்துருச்சு, சாவியை வாங்கி வெச்சுடுங்க" என்று மாமா டெக்சஸிலிருந்து போன் போட்டார். வண்டியை விற்றுவிடலாம் என்று அம்மா சொன்னார்.

அப்பா சண்டை போடவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது. ஒரு நாள் காபி குடிக்கும்போது, "ஒருவேளை நான்தான் பெட்ரோல் போட மறந்துட்டேனோ?" என்றார். அடுத்த வாரம் வெளியே போனபோது, சாவியை என் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்து இருக்கையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சோதித்துப் பார்க்காமல் தீர்ப்பு சொல்லக்கூடாது என்று நினைத்தேன். சனிக்கிழமை காலையில் கராஜைத் திறந்தேன்.

அந்தக் கால ஃபோர்டின் எரிபொருள் காட்டி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தொட்டிக்குள் ஒரு மிதவை இருக்கும். அது ஏறி இறங்கும்போது ஒரு மின்தடையின் அளவு மாறும். தொட்டி காலி என்றால் ஏறக்குறைய 73 ஓம், நிறைந்திருந்தால் 10 ஓம். தடை குறையக் குறைய அதிக மின்சாரம் பாயும். காட்டிக்குள் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த ஒரு பட்டை, அதைச் சுற்றி மெல்லிய கம்பி. மின்சாரம் பாய்ந்தால் கம்பி சூடாகும், பட்டை வளையும், முள் நகரும். சூட்டில் நகரும் முள் என்பதால்தான் சாவியைத் திருப்பியதும் அது நிதானமாக ஏறுகிறது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. வண்டியின் மின்னழுத்தம் ஒரே அளவில் நிற்காது. எஞ்சின் ஓடாதபோது 12 வோல்ட்டை ஒட்டியும், ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டியும் இருக்கும். அதனால் டாஷ்போர்டுக்குப் பின்னால் தீப்பெட்டியை விடச் சிறிய ஒரு வோல்டேஜ் ரெகுலேட்டர் வைத்தார்கள். அதற்குள்ளும் ஒரு பட்டை. சூடானால் இணைப்பைத் துண்டிக்கும், ஆறினால் மறுபடி சேர்க்கும். இப்படி விட்டுவிட்டு மின்சாரம் கொடுத்து, சராசரியாக 5 வோல்ட் ஆக்கும்.

அப்பாவிடம் கேட்டேன்: "வேற ஏதாவது முள் சரியில்லாம இருக்காப்பா?"

"எஞ்சின் சூடு ரொம்ப நாளா அதிகமாத்தான் காட்டுது. ரேடியேட்டர் மாத்தணும்னு மெக்கானிக் சொன்னாரு" என்றார். ஆயில் அழுத்தமும் கொஞ்சம் அதிகமாகவே காட்டுகிறதாம். தொட்டி நிறைந்திருக்கும்போது பெட்ரோல் முள் 'எஃப்'ஐத் தாண்டிப் போய் நிற்குமாம்.

எங்கள் வேலையில் மூன்று ரிப்போர்ட்டுகள் ஒரே நேரத்தில் தப்பாக வந்தால், மூன்றையும் தனித்தனியாகத் திருத்த மாட்டோம். மூன்றுக்கும் பொதுவாக எங்கிருந்து தரவு வருகிறது என்றுதான் பார்ப்போம். இந்த வண்டியில் பெட்ரோல், சூடு, ஆயில் மூன்றுக்கும் அந்த ஒரே ரெகுலேட்டர்தான். நான்காவதான ஆம்ப் முள் அதைச் சார்ந்ததல்ல. அது மட்டும் ஒழுங்காக இருந்தது!

ஊகம் போதாது, நிரூபிக்க வேண்டும். முதலில் வெப்பமானியை எஞ்சினுக்கு நேராகப் பிடித்தோம். சூடு சாதாரண அளவில்தான் இருந்தது, ரேடியேட்டர் மேல் குற்றமில்லை. அடுத்து, தொட்டியிலிருந்து வரும் கம்பியைக் கழற்றி, அதன் இடத்தில் 73 ஓம் தடையைப் பொருத்தினோம். முள் 'ஈ'யில் நிற்க வேண்டும். நிற்கவில்லை, நன்றாக மேலே நின்றது. 10 ஓம் வைத்ததும் 'எஃப்'ஐத் தாண்டி ஓடியது. ஆக, தொட்டியும் மிதவையும் குற்றவாளிகள் இல்லை.

பேட்டரியைத் துண்டித்துவிட்டு டாஷ்போர்டைக் கழற்றினோம். அந்த ரெகுலேட்டர் ஒழுங்காக வேலை செய்ய, அதன் உறை வண்டியின் உடலோடு நல்ல மின்தொடர்பில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அதன் பட்டை போதிய அளவு சூடாகாது, இணைப்பு நெடுநேரம் துண்டிக்கப்படாமலே இருக்கும், சராசரி அழுத்தம் ஏறிவிடும். திருகாணியைச் சுற்றி அறுபது வருட அழுக்கும் துருவும். அப்பா கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு, உப்புத்தாளால் பொறுமையாகத் தேய்த்தார். அவர் கை நடுங்கவில்லை என்பதைக் கவனித்தேன்.

பிறகு தொட்டியைக் காலி செய்து, கேனில் அளந்து ஊற்றினோம். அது 16 காலன் தொட்டி. 4 காலனில் முள் காலுக்குப் பக்கத்தில் வந்தது. 8 காலனில் பாதி. மீதியை பங்கில் நிரப்பினோம். நியூ ஜெர்சியில் 1949 முதல் நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளச் சட்டம் அனுமதிப்பதில்லை அல்லவா? பங்க் ஊழியர் நிரப்பி முடிக்கும்வரை அப்பா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்த முறை முள் 'எஃப்'பிலேயே நின்றது.

அன்று இரவு அம்மாவிடம் அந்தத் திருகாணியையும் 73 ஓம் தடையையும் காட்டி விளக்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அப்ப அவர் சொன்னது நெஜம்தானா?" என்றார். "நெஜம்தாம்மா." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அப்பா இருந்த அறைக்குப் போனார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. விற்கும் பேச்சு அதோடு நின்றுவிட்டது. மாமாவுக்கு நானே போன் போட்டுச் சொன்னேன்.

அப்பாவுக்கு மறதி வரவே வராது என்று நான் சொல்லவில்லை. வரலாம். வந்தால் அதை மருத்துவர் சோதித்துச் சொல்லட்டும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் "நான் சரியாத்தான் பண்ணேன்" என்று சொன்னால், வயதைக் காரணம் காட்டுவதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து, ஒருமுறை முள்ளையும் சோதித்துப் பாருங்கள். எங்களுக்கு அதற்கு ஆன செலவு ஒரு சனிக்கிழமையும் ஒரு உப்புத்தாளும்தான்.

இப்போது அப்பா ஒரு சின்ன நோட்டில் ஒவ்வொரு முறையும் எத்தனை மைல், எத்தனை காலன் என்று தமிழில் எழுதி வைக்கிறார். முள்ளை நம்புகிறார், ஆனால் கணக்கையும் விடுவதில்லை.