சொல்லும் ஒரு செயலே

சொல்வது வேறு, செய்வது வேறு என்று நாம் பேசிக்கொள்வது வழக்கம். ஆயினும் சொல்வதே செய்வதாக அமையும் வேளைகளும் பல. "வாக்குத் தருகிறேன்" என்பவர் செய்தி எதனையும் அறிவிக்கவில்லை. அக்கணமே வாக்கைத் தந்துவிடுகிறார். ஒக்ஸ்போர்ட் மெய்யியலாளர் ஜே. எல். ஒஸ்ரின் 1955ஆம் ஆண்டு ஹார்வாட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய விரிவுரைகளில் இதனை விளக்கினார். அவர் மறைந்தபின், 1962இல், அவை நூலாயின.

தமிழுக்கு இச்சிந்தனை முற்றிலும் புதிதன்று. ஒன்றைத் தருமாறு கேட்கையில், தாழ்ந்தோன் "ஈ" என்றும், ஒத்தோன் "தா" என்றும், உயர்ந்தோன் "கொடு" என்றும் கேட்பர் எனத் தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் வகுத்துள்ளார். கேட்கும் பொருள் ஒன்றே. கேட்பவரின் நிலையே சொல்லை மாற்றுகிறது.

புலம்பெயர்ந்த நாட்டில் இவ்வுண்மை அன்றாடம் நம்மைத் தொடுகிறது. இலண்டனில் ஒரு மருந்தகத்தில் முதிய தாயொருவர், "தம்பி, அந்த மருந்தை ஒருக்கால் தாங்கோ" என்றார். உடன் வந்த பேரன், "மருந்தைத் தா" என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் கூறினான். ஊழியரின் முகம் கறுத்ததை அருகில் நின்று கண்டேன். சிறுவன் பொருளை மாற்றவில்லை. ஆனால் "தம்பி" என்ற விளியிலும், "ஒருக்கால்" என்பதிலும், "தாங்கோ" என்பதன் விகுதியிலும் இருந்த பணிவு வழியிலேயே தொலைந்துவிட்டது. ஆங்கிலேயர் அப்பணிவைத் "தர முடியுமா?" என்ற வினாவில் வைப்பர். வேண்டுகோள் கட்டளையாகிவிட்டது.

இதனினும் பாரதூரமானது நமது "ஓம்". பிறர் பேசுகையில் "ஓம், ஓம்" என்கிறோம். அது பெரும்பாலும் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கான அறிகுறியே, உடன்பாடு அன்று. அகதி விண்ணப்ப விசாரணையில், மொழிபெயர்ப்பாளர் வினாவைக் கூறிக்கொண்டிருக்கும்போதே எழும் "ஓம்", விடையாகப் பதியப்படக்கூடும். பின்னர் அவர் "இல்லை" என்று விளக்கும்போது அது முரண்பாடாகத் தோன்றும். முரண்பாடு என்று எழுதப்படும் ஒரு சொல், ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே அசைக்க வல்லது.

ஆகவே விசாரணைக்குச் செல்லும் உறவுகள் வினா முடியும்வரை பொறுத்திருப்பது நன்று. விடையையும் "ஓம்" என்று நிறுத்தாது, "ஓம், நான் அங்கே இருந்தேன்" என முழு வாக்கியமாகக் கூறுங்கள். நமக்காகப் பேசும் பிள்ளைகளுக்கோ, அம்மா என்ன கேட்டார் என்பதோடு, எவ்விதம் கேட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லப் பழக்குவோம்.