யாருடைய கண்ணுக்கு

பவளம் என்ற ஒரே சொல்லுக்குள் தமிழில் இரண்டு பிராணிகள் அகப்பட்டுக்கொண்டிருக்கின்றன. நமது கவிகள் இதழுக்கு உவமை சொன்னதும், நவரத்தினங்களில் ஒன்றாக மோதிரத்தில் ஏறியதும் மத்தியதரைக் கடலின் சிவப்புப் பவளம். ரோமானிய வணிகத்தோடு அது இந்தியாவுக்கு வந்தது. இந்தியர்களுக்கு அதன்மீதிருந்த மோகத்தைப் பிளினி எழுதி வைத்திருக்கிறார். அது குகைகளின் மங்கலிலும் ஆழத்தின் இருட்டிலும் வாழ்வது. வெளிச்சம் அதற்குத் தேவையில்லை. மற்றது, நெடுந்தீவில் வேலிக்குப் பதிலாக எங்கள் வளவுகளைச் சுற்றி அடுக்கியிருந்த முருகைக்கல்லைக் கட்டிய பிராணி. இது வெளிச்சத்தைத் தின்று வாழ்வது. கவிதைக்குள் இருட்டில் வாழ்வது வந்தது. வெளிச்சத்தில் வாழ்ந்தது மதிலுக்கும் சுண்ணாம்புக்கும் போயிற்று. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இரண்டாவதை வீட்டில் வைத்து வளர்க்கிறவன் இந்த வித்தியாசத்தை மறக்க முடியாது. அவனுடைய பிரச்னையே வெளிச்சந்தான்.

தின்று வாழ்வது என்று சொன்னதை உவமையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பவளத்தின் தசைக்குள், உயிரணுக்களுக்குள்ளேயே, நுண்ணிய பாசிகள் குடியிருக்கின்றன. ஒரு சதுர சென்ரிமீற்றரில் பத்து லட்சம் அளவில். அவை ஒளித்தொகுப்புச் செய்து, ஆக்கியதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகின்றன. பதிலுக்குப் பவளம் தன் கழிவையும், தங்க இடத்தையும் கொடுக்கிறது. ஆகவே வளர்க்கிறவன் விலங்குக்கு உணவு போடுவதாக நினைத்துக்கொண்டு உண்மையில் ஒரு தாவரத்துக்கு வெயில் போடுகிறான். அந்த வெயில் எது, எவ்வளவு, எத்தனை மணி நேரம் என்பதுதான் கேள்வி.

பேர்லினில் டிசம்பரில் சூரியன் எட்டு மணிக்குப் பிறகு எழுந்து நான்குக்கு முன் போய்விடும். இந்த ஊரில் நான் நானூறு லீற்றர் கடலைக் காப்பாற்றி வருகிறேன். நானாகத் தேடிக்கொண்டதல்ல. கீழ்மாடியில் இருந்த ஜேர்மன் முதியவர் 2019இல் முதியோர் இல்லத்துக்குப் போனபோது விட்டுச்சென்றது. அதில் மான்கொம்பு போலக் கிளைத்த ஒரு பவளம் இருக்கிறது. கடலில் உடைத்து எடுத்ததல்ல. இன்னொருவர் தொட்டியிலிருந்து முறித்து ஒட்டிய சிறு துண்டு. அதுவும் வேறொருவரிடமிருந்து வந்த துண்டின் துண்டு. யாழ்ப்பாணத்தில் கதியால் ஊன்றுவது போன்ற விஷயம்தான். 1998இல் விரல் நீளம் இருந்ததாம். நான் பொறுப்பேற்றபோது இரண்டு கைகளாலும் அணைக்கவேண்டிய அளவு. அந்த 1998இல்தான் இலங்கையைச் சுற்றியிருந்த பவளங்களில் பெரும்பகுதி வெப்பத்தில் வெளிறிச் செத்தது.

முதியவரின் விளக்குகள் இரண்டு மெற்றல் ஹலைட்டுகள். ஒவ்வொன்றும் 250 வாற்று. அவருடைய தலைமுறைக்கு அது ஒரு கண்டுபிடிப்பு மட்டுமல்ல, விடுதலையும் கூட. ஜாகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் உயிருள்ள கடற்கற்களையும், காற்றுக் குமிழிகளையும், சூரிய வெளிச்சத்தையும் மட்டும் நம்பிப் பவளம் வளர்த்ததை 1961இல் ஓர் அமெரிக்க மீன்வளர்ப்புப் பத்திரிகை வெளியிட்டது. ஆனால் ஜாகார்த்தாவின் வெயிலைப் பொதியில் அனுப்ப முடியாது. ஐரோப்பியர்கள் வெயிலைச் செய்துகொள்ள வேண்டியிருந்தது. முதலில் ரியூப் லைற்றுகளை நெருக்கி அடுக்கிப் பார்த்தார்கள். பிறகு மைதானங்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போடும் மெற்றல் ஹலைட்டைத் தொட்டியின் மேல் தொங்கவிட்டார்கள். ஒரே புள்ளியிலிருந்து வருவதால் அதன் ஒளி நீரலைகளில் உடைந்து, மணலில் வலை வலையாக ஓடும். ஆழமில்லாத கடலில் முழுகிப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். முதியவர் அந்த வலைக்காகவே மின்சாரக் கட்டணத்தைச் சகித்தார்.

சகிப்புக்கு ஓர் எல்லை உண்டு. 500 வாற்று, நாளைக்கு 9 மணி நேரம். வருடத்துக்கு 1,640 யூனிற். 2022இல் ஜேர்மனியில் மின்விலை ஏறியபோது இந்தக் கணக்கு வீட்டுக்குள் பேசப்படும் விஷயமாயிற்று. விளக்குகள் எரியும்போதே நிறம் மாறுகிறவை. வருடத்துக்கு ஒருமுறை புதிது போட வேண்டும். கோடையில் தொட்டி கொதித்தது. ரியூப் லைற்றுக்குத் திரும்பலாம் என்றால், அதிலுள்ள பாதரசத்தைக் காரணங்காட்டிப் பொது உபயோகத்துக்கான ரியூப்புகளைப் புதிதாகச் சந்தைக்கு விடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் நிறுத்திவிட்டது. எஞ்சியது எல்.இ.டி.

எல்.இ.டி. பவளத்துக்கு வந்தது நீலத்தின் வழியாக. சிவப்பும் பச்சையும் முன்பே இருந்தன. பிரகாசமான நீலம் 1993இல் ஜப்பானில் நகமுராவின் கையில் சாத்தியமாயிற்று. அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. உலகம் இதை வெள்ளை விளக்குக்கான வழியாகக் கண்டது. பவளம் வளர்ப்போர் நீலத்தை நீலமாகவே எடுத்துக்கொண்டார்கள். காரணமில்லாமல் இல்லை. கடல்நீர் சிவப்பை முதல் சில மீற்றர்களுக்குள்ளேயே விழுங்கிவிடுகிறது. தெளிந்த நீரில் ஆழம் வரை போவது நீலம். பவளத்துப் பாசியும் நீலத்தை நன்றாக உபயோகிக்கக் கற்றிருக்கிறது.

இந்த இடத்தில் கண் நம்மை ஏமாற்றுகிறது. மனிதக் கண் கூர்மையாக இருப்பது பச்சைக்கும் மஞ்சளுக்கும் நடுவே, 555 நானோமீற்றரில். விளக்குப் பெட்டிகளில் அச்சிட்டிருக்கும் லூமன் கணக்கு அந்தக் கண்ணின் கணக்கு. 450 நானோமீற்றர் நீலம் எவ்வளவு கொட்டினாலும் கண்ணுக்கு மங்கலாகவே படும். அறை இருட்டாக இருக்கிறதே என்று இன்னும் கொஞ்சம் கூட்டத் தோன்றும். அதற்குள் பவளம் வெந்துகொண்டிருக்கும். பாசிக்கு உரிய அளவு வேறு: 400 முதல் 700 நானோமீற்றர் வரை எத்தனை ஒளித்துகள்கள் விழுகின்றன என்ற எண்ணிக்கை. ஆங்கில எழுத்துக்களைச் சேர்த்து அதைப் 'பார்' என்கிறார்கள். எங்கள் மீனவர் மொழியில் பார் என்றால் கடலடிப் பாறைத்திட்டு. இந்தத் தற்செயலை நான் ரசித்துக்கொள்கிறேன். அதற்குமேல் அர்த்தம் பண்ணுவதில்லை.

வெப்பமண்டலத்து நண்பகலில் நீர்ப்பரப்பின் மேல் அந்த எண் 2,000 அளவில் இருக்கும். மென்பவளங்களுக்கு 100 போதும். மான்கொம்புக்கு 200 முதல் 350 வரை. வளர்ப்போர் சங்கமொன்றில் அளவுமானியை இரவல் வாங்கி, பழைய விளக்கை எடுப்பதற்கு முன் தொட்டி முழுவதும் அளந்து படம் வரைந்தேன். கிளைகளின் உச்சியில் 280. மணலில் 90. இருபது வருடங்களாக அந்தப் பிராணிக்கு உலகம் என்பது இந்த எண்கள்தான். புதிய விளக்கை முழு வலுவில் விட்டால் உச்சியில் 500ஐத் தாண்டியது. ஆகவே பாதிக்கும் கீழே தொடங்கினேன். வாரம் ஒருமுறை மூன்று சதவீதம் கூட்டினேன். நான்கு மாதம். பவளத்திற்கு வாய் திறந்து சொல்லத் தெரியாது, நிறத்தால் சொல்லும். வெளிச்சம் குறைந்தால் பாசியைப் பெருக்கிப் பழுப்பாகும். கூடினால் வெளிறும். நான்கு மாதமும் அந்த நிறத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். வேறெந்தப் பிரதியையும் நான் இவ்வளவு அவதானமாகப் படித்ததில்லை.

பிரச்னை அங்கே முடியவில்லை. அளவு தீர்ந்த பிறகு நிறம் வந்து நின்றது. பவளங்களில் சில புரதங்கள் நீலத்தை வாங்கிப் பச்சையாகவும் செம்மஞ்சளாகவும் திருப்பி ஒளிர்பவை. அவை பவளத்துக்கு என்ன செய்கின்றன என்பதில் விஞ்ஞானிகளிடம் முழு உடன்பாடில்லை. மிதமிஞ்சிய வெளிச்சத்துக்குக் குடை என்பது ஒரு விளக்கம். வெள்ளையை அணைத்து நீலத்தை மட்டும் விட்டால் தொட்டி பற்றியெரியும். "அப்பா, இப்பதான் இது பவளம் மாதிரி இருக்கு" என்றாள் மகள். கடைகளிலும் இந்த நீலத்தில்தான் விற்கிறார்கள். வெள்ளையில் பார்த்தால் வாங்கமாட்டார்கள் என்று விற்பவர்களுக்குத் தெரியும்.

முதியவரிடம் போய்ச் சொன்னேன். அப்போது அவருக்கு எழுந்து நடக்க முடியாது. "நீங்கள் பவளத்தைப் பார்க்கவில்லை, விளக்கைப் பார்க்கிறீர்கள்" என்றார். அடுத்த மாதம் இறந்துபோனார். அந்த வாக்கியத்தோடு எனக்கு இன்னும் வழக்கு இருக்கிறது. அவருடைய வெள்ளையும் ஒரு விளக்குத்தானே? ஒரு மீற்றர் ஆழத்து நண்பகலை அவர் தேர்ந்தெடுத்தார். பதினைந்து மீற்றர் ஆழத்தை நீலக்காரர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டும் கடல்தான். விளக்கே இல்லாத இயல்பான பார்வை என்று தொட்டிக்குள் எதுவும் இல்லை. கவிதை பற்றிப் பேசும்போது நாமும் இதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறோம்: நமக்குப் பழகிய விளக்கை வெயில் என்கிறோம்.

ஆனாலும் கிழவர் சொன்னதில் தள்ள முடியாத ஒன்று உண்டு. நீலத்தில் எல்லாம் பிரகாசிக்கும், நோயும் பிரகாசிக்கும். அடிக்கிளையில் தசை உரிவதும், ஓரம் வெளிறுவதும் அந்த ஜொலிப்பில் தெரிவதில்லை. வெள்ளையில் உடனே தெரிகிறது. ஜொலிப்புக்கும் ஆரோக்கியத்துக்கும் சம்பந்தமில்லை என்பதை வேறு துறைகளிலும் பார்த்திருக்கிறோம். ஆகவே பிற்பகலில் நான்கு மணி நேரம் வெள்ளையைக் கலந்து விடுகிறேன். பவளத்துக்காக அல்ல, அதற்கு நீலமே போதும். என் கண் பொய் பேசாமலிருப்பதற்காக. மாலையில் மகளுக்கு நீலம்.

இழந்தவை உண்டு. பழைய விளக்கின் வலை இப்போது அத்தனை கூர்மையாக ஓடுவதில்லை. பல புள்ளிகளிலிருந்து வரும் ஒளி தன்னைத் தானே கலைத்துக்கொள்கிறது. பழைய விளக்கு தந்த சூடு போனதால், பனிக்காலத்தில் நீரைச் சூடாக்கும் கருவி அதிக நேரம் ஓடுகிறது. மிச்சம் பிடித்ததில் ஒரு பங்கு அங்கே போகிறது. கிளைகளின் புதிய நுனிகள் முன்பைவிடக் குட்டையாக, நெருக்கமாக வருகின்றன. உடல் முழுவதும் பழைய வெளிச்சத்தின் வடிவம். நுனியில் புதிய வெளிச்சத்தின் வடிவம்.

வெளியே கடலில் வேறு கதை நடக்கிறது. 2023 ஜனவரிக்கும் 2025 மார்ச்சுக்கும் இடையில் உலகப் பவளத்திட்டுகளில் 84 சதவீதம் வெளிறுமளவுக்கான வெப்பத்துக்கு ஆளாயின. பவளம் வெளிறுவது சூட்டினால் மட்டுமல்ல. நீர் சூடேறியதும் பாசியின் ஒளித்தொகுப்புப் பழுதுபடுகிறது. நேற்றுவரை சோறாக இருந்த அதே வெயில் இன்று நஞ்சாகிறது. பவளம் தனக்குச் சோறு போட்டவனையே வெளியே தள்ளிவிட்டு வெள்ளை எலும்பாக நிற்கிறது. வெயில் கூடவில்லை, தாங்குகிற சக்திதான் போய்விட்டது. என் தொட்டியில் நான் வாரத்துக்கு மூன்று சதவீதம் என்று அவகாசம் கொடுத்தேன். கடலுக்கு அந்த அவகாசத்தை நாம் யாரும் கொடுக்கவில்லை.

நானூறு லீற்றரில் ஒரு கிளையைக் காப்பாற்றுவது கடலைக் காப்பாற்றுவதாகாது. அந்தப் பிரமை எனக்கில்லை. சென்ற மாசியில் அதன் நுனியில் விரல் நீளம் முறித்து இன்னொருவருக்குக் கொடுத்தேன். அவரிடம் என்ன விளக்கு என்று கேட்டேன். பெயர் சொன்னார். கிளை நிற்கப்போகும் இடத்தில் எண் எத்தனை என்று மறுபடி கேட்டேன். அளந்து சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.