அல்வான் கோட்டையின் வெள்ளைக் கல்

சவுதியிலிருந்து ஊர் வந்து சேர்ந்தவனுக்கு இன்னும் என்ன ஏக்கம் என்று திண்டுக்கல் பேகம்பூரில் கேட்கிறார்கள். அங்கே இருந்தவரை பெரிய பள்ளிவாசல் பாங்கும் சீரகச் சம்பா பிரியாணியும்தான் நினைப்பு. அது எல்லாருக்கும் உள்ளது. இப்போது கண்ணை மூடினால் ரிஜால் அல்மா வந்து நிற்கிறது.

சவுதியின் அசீர் மலைப் பகுதியில், ஆபாவில் காய்கறி பிக்கப் ஓட்டினேன். கடல்மட்டத்துக்குமேல் சுமார் 2,200 மீட்டரில் இருக்கிற ஊர். மணலை எதிர்பார்த்துப் போனவனுக்கு மூடுபனி. அந்தப் பக்கத்து மண்வீடுகளின் சுவர்களில் தட்டைக் கற்களை வரிசை வரிசையாக வெளியே நீட்டி வைத்திருப்பார்கள். மழைநீர் சுவரை அரிக்காமல் கல்லில் விழுந்து சொட்டிவிடும். எந்த இன்ஜினீயர் சொல்லிக் கொடுத்தாரோ!

ஆபாவுக்குப் பக்கத்தில் உள்ள சூதா மலையிலிருந்து மேற்கே, வயிற்றைக் கலக்கும் வளைவுகளில் இறங்கினால் பள்ளத்தாக்கில் ரிஜால் அல்மா. ஏமனிலிருந்து மக்கா போகிற பழைய வணிகப் பாதையில் செழித்த ஊர். அந்த மலைக் கல்லையே பலகை பலகையாக அடுக்கி, இடுக்கில் சில்லுக்கல் திணித்து, பல மாடி எழுப்பியிருக்கிறார்கள். ஜன்னல்கள் சின்னவை. அவற்றைச் சுற்றி வெள்ளைக் கல் பதிப்பு. நம் பக்கம் காட்டில் கிடக்கிற வெங்கச்சாங்கல்தான் அது. கறுத்த சுவரில் வெயில் பட்டால் அந்த வெள்ளை மட்டும் தனியாகத் தெரியும்.

அங்கேதான் அல்வான் கோட்டை. ராஜா கோட்டை இல்லை; கோத்திரத்துப் பெரிய குடும்பம் ஒன்றின் வீடு. 1980-களில் ஊர்க்காரர்களே முன்னின்று அதை அருங்காட்சியகமாக்கினார்கள். அசீர் வீடுகளின் உட்சுவர்களுக்கு வண்ணக் கோடும் கட்டமும் முக்கோணமும் தீட்டுவது பெண்களின் வேலை. அந்தக் கலை 2017-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. அந்த மலை ஆண்களோ தலையில் செண்டுப்பூவும் திருநீற்றுப்பச்சிலையும் சூடிக்கொண்டு திரிவார்கள். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் வளர்ந்தவனுக்கு அந்த வாசனை போதும், வண்டியை ஓரம்கட்ட.

ரிஜால் அல்மாவின் அந்தக் கல்வீடுகளில் இன்று பெரும்பாலும் குடித்தனம் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். செங்குத்தான படி, இருட்டு அறை, யார் இருப்பார்கள்? சிமெண்ட் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஆனால் இடிக்கவில்லை. எனக்குப் பிடித்தது அதுதான்.

இங்கே திண்டுக்கல்லில் கல்லுக்கு என்ன பஞ்சம்? முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ல் கட்டத் தொடங்கிய மலைக்கோட்டை தலைக்குமேல் நிற்கிறது. பேகம்பூருக்குப் பெயர் தந்த அமீருன்னிசா பேகம், ஹைதர் அலியின் தங்கை, இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கோட்டையும் அடக்கத்தலமும் தப்பிவிட்டன. தெருவில் நாங்கள் விளையாடிய திண்ணை வீடுகள் தப்பவில்லை. பாறையை ஜல்லியாக்கி கான்கிரீட்டில் கொட்டுகிறோம். சித்திரை வெயிலில் அந்தக் கான்கிரீட் அறைக்குள் ஏசி இல்லாமல் நிற்க முடியவில்லை. கனத்த கல்சுவரோடு ஒரே ஒரு அறையாவது கட்டிக்கொள்ளலாம் என்றேன், இடத்தை அடைக்கும் என்று கொத்தனார் சிரித்தார்.

ஆபாவிலும் கமீஸ் முஷைத்திலும் வேலை பார்க்கிற நம் ஊர்ப் பிள்ளைகளே, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடித்துவிட்டு ரூமில் படுத்துக் கிடக்காதீர்கள். வண்டி வைத்திருக்கிறவனைப் பிடித்து ஒருமுறை ரிஜால் அல்மாவுக்கு இறங்குங்கள். குளிர்காலம் நல்லது, மேலே நடுக்கம், கீழே இதமாக இருக்கும். அந்தச் சுவரை ஒரு போட்டோ எடுத்து எனக்கும் அனுப்புங்கள்.