பதில் சொல்லாத பட்டன்

ஹோட்டலில் போய் உட்கார்ந்ததும் நாம் கேட்காமலே ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைப்பார்கள். வெந்நீர் வேண்டுமென்றால் விவரமானவர் கேட்டு வாங்கிக்கொள்வார். கேட்கக் கூச்சப்படுகிறவர் வைத்ததைக் குடித்துவிட்டுப் போவார். கம்ப்யூட்டரில் இப்படி நாம் கேட்காமலே வைக்கப்படுவதற்குப் பெயர்தான் 'டீஃபால்ட்'. 2025-இல் அந்தத் தண்ணீரை வைக்கும் வேலை என் கைக்கு வந்தது. அதில் நான் செய்த ஒரு தவறைத்தான் இந்த மலரில் எழுதுகிறேன்.

எங்கள் மாணவர் மன்ற அறையில் ஆறு பழைய கம்ப்யூட்டர்கள் உண்டு. லேபில் வேண்டாமென்று கழித்தவை. ஒவ்வொன்றிலும் 2 ஜி.பி. ரேம்தான். ஆன் செய்துவிட்டு டீ குடிக்கப் போய் வரலாம், அவ்வளவு வேகம்! "லினக்ஸ் போட்டுப் பாருங்களேம்மா" என்றார் எங்கள் சார். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் தொடங்கிய வேலை அது என்று படித்ததும் எனக்கும் துணிச்சல் வந்தது. டெபியனை அடிப்படையாக வைத்து, எல்.எக்ஸ்.டி.இ. என்ற எளிய முகப்பைச் சேர்த்து, ஆறு மிஷினுக்கும் ஒரே தொகுப்பாகத் தயார் செய்தோம். கடைசியில் ஒரு கேள்வி மிஞ்சியது. எந்த பிரவுசரை டீஃபால்ட்டாக வைப்பது?

சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். இலேசான லினக்ஸில் கனமான சாமான் பிரவுசர்தான். மொத்த முகப்பும் எடுக்கும் ரேமைவிட, நாலு இணையப் பக்கங்கள் அதிகம் தின்றுவிடும். இன்றைய பக்கங்கள் எழுத்தோடும் படத்தோடும் நிற்பதில்லை. ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரலையும் கூடவே அனுப்புகின்றன. அதை ஓட்டும் பாரம் பிரவுசர் தலையில்.

நான் தேர்ந்தெடுத்தது டில்லோ. 1999-இல் வந்த பிரவுசர். பல ஆண்டுகள் புதிய பதிப்பில்லாமல் கிடந்து, 2024-இல் மீண்டும் உயிர் பெற்றது. ஜாவாஸ்கிரிப்டை அது ஓட்டவே ஓட்டாது. அதனால் சில பத்து எம்.பி. ரேமே போதும், கிளிக் செய்தவுடன் வந்து நிற்கும். 50 எம்.பி.க்குள் ஒரு முழு இயங்குதளத்தையே அடக்கிய பழைய 'டேம் ஸ்மால் லினக்ஸ்' தொகுப்பிலும் டில்லோ இருந்தது என்று அறிந்தபோது, "இதுதான் சரி" என்று முடிவு கட்டிவிட்டேன். பயர்பாக்ஸ் மெனுவுக்குள் ஒரு மூலையில் இருந்தது. ஆனால் திரையில் 'இன்டர்நெட்' படத்தைத் தொட்டாலும், பி.டி.எஃப். கோப்பில் உள்ள இணைப்பைத் தொட்டாலும் டில்லோதான் திறக்கும். வேகத்தைப் பார்த்து நண்பர்கள் கை தட்டினார்கள். நானும் பூரித்துப் போனேன்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மாலை. முதலாம் ஆண்டுத் தம்பி ஒருவன் முகம் வாடி உட்கார்ந்திருந்தான்.

"என்னடா தம்பி?"

"ஒண்ணுமில்லக்கா. ஸ்காலர்ஷிப் ஃபாரம். மூணு நாளா அந்தப் பட்டனை அழுத்துறேன், போகவே மாட்டேங்குது. நான்தான் எங்கயோ தப்பா அடிச்சிருக்கேன் போல."

"கடைசி தேதி என்னைக்கு?"

"இன்னைக்குத்தான்க்கா."

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பட்டனுக்கு வேலை கொடுப்பதே ஜாவாஸ்கிரிப்ட்தான். டில்லோ பட்டனை வரைந்து காட்டும். அழுத்தினால் ஒன்றும் நடக்காது. தவறு என்றுகூடச் சொல்லாது. உடனே பயர்பாக்ஸைத் திறந்தேன். அது ஆடி அசைந்து வந்தது. எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்பினோம். ஓ.டி.பி. அவன் அப்பாவின் செல்லுக்குப் போனது. என் போனிலிருந்து அவரைக் கூப்பிட்டு, எண்ணை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்லி அடித்தோம். இரவு எட்டேகாலுக்கு விண்ணப்ப எண் திரையில் வந்தது.

"மெனுவுல பயர்பாக்ஸ் இருக்கே, பார்க்கலையாடா?" என்று கேட்டேன்.

"வேற ஒண்ணு இருக்குன்னே தெரியாதுக்கா."

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. என் அப்பாவை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவள் நான். பணம் கட்டப் போன இடத்தில் செலானைத் திருப்பிக் கொடுத்தால் அப்பா ஏன் என்று கேட்கமாட்டார். "நமக்குத்தான் எழுதத் தெரியல" என்று சொல்லிக்கொண்டே வெளியே வருவார். அந்தத் தம்பியும் அதையேதான் சொன்னான். தப்பு செய்தவள் நான். பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டவன் அவன்.

பிறகுதான் மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒழுங்காகப் படித்தேன். கையளவுக் கணினியான ராஸ்பெர்ரி பையில்கூட 2016-இல் எபிபனி என்ற எளிய பிரவுசரை எடுத்துவிட்டு, கனமான குரோமியத்தை வைத்திருக்கிறார்கள். டேம் ஸ்மால் லினக்ஸ் 2024-இல் திரும்பி வந்தபோது 50 எம்.பி. என்ற எல்லையை விட்டு, ஒரு சிடி கொள்ளும் 700 எம்.பி.க்கு வந்துவிட்டது.

எங்கள் ஆறு மிஷினிலும் இப்போது பயர்பாக்ஸ் இ.எஸ்.ஆர். தான் முதல் பிரவுசர். பெரிய மாற்றங்கள் அதில் சுமார் ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும். பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் இடையில் வந்துகொண்டே இருக்கும். டெபியன் தானாகத் தருவதும் அதைத்தான். கெட்டிக்காரத்தனமாக அதை ஓரங்கட்டியவள் நானேதான்! விளம்பரங்களைத் தடுக்க யுபிளாக் ஆரிஜின் போட்டோம். ரேமில் இருப்பதைச் சுருக்கி இடம் உண்டாக்கும் இசட்-ரேம் வசதியையும் சேர்த்தோம். டில்லோவை விரட்டவில்லை. 'பாடம் படிக்க' என்று பெயரிட்டுப் பக்கத்தில் வைத்திருக்கிறோம். மிஷின் முன்னைவிட மெதுவாகத்தான் ஓடுகிறது. யாரும் கை தட்டுவதில்லை. ஆனால் பட்டனை அழுத்தினால் பதில் வருகிறது.

நண்பர்களே, நாளை நாம் செய்யப்போகும் எத்தனையோ பொருள்களில் இப்படி எதையாவது முதலில் வைக்க வேண்டி வரும். விவரம் தெரிந்தவர் எதை வைத்தாலும் மாற்றிக்கொள்வார். மாற்றலாம் என்பதே தெரியாதவரை மனதில் வைத்துத்தான் முதல் டம்ளரை வைக்கவேண்டும். ஒரு டிப்ளமோவில் நான் படித்த பெரிய பாடம் இது.

— மூன்றாம் ஆண்டு மாணவி, கணினிப் பொறியியல்